டார்கெட்ல கார்டு தேய்ச்சவங்க எல்லாரும் இங்க வாங்க (4 கோடி கார்டு போச்சாம்)

எடிசன்காரன் | 19 டிசம்பர் 2013, காலை 8:52

காலையில இருந்து டிவியில இதே பேச்சு. நவம்பர் 27ல இருந்து டிசம்பர் 15 வரைக்கும் அமெரிக்காவுல எந்த டார்கெட் கடையில கார்டு தேய்ச்சிருந்தாலும் அந்த விவரம் திருடன் கையில இருக்கலாம். மொத்தம் 4 கோடி கார்டு. கணினிப் பாதுகாப்பு பத்தி எழுதற பத்திரிகைக்காரர் பிரையன் கிரெப்ஸ் நேத்தே எழுதிட்டாரு, கம்பெனி இன்னிக்குத்தான் ஒத்துக்குது. ஆன்லைன்ல வாங்கினவங்களுக்குப் பிரச்சினை இல்லையாம், நேர்ல கடைக்குப் போனவங்களுக்கு மட்டும்தானாம்.

தேங்க்ஸ்கிவிங் பண்டிகை ராத்திரி, தள்ளுபடி சேலுக்கு எட்டு மணிக்குக் கதவு திறக்கும்னு குளிர்ல நின்ன நம்ம ஆளுங்க எத்தனை பேர்? யார் யார் தேய்ச்சீங்க, என்ன பண்ணப் போறீங்கன்னு போடுங்க.

மினசோட்டா குளிர் | 19 டிசம்பர் 2013, காலை 9:15

எங்க ஊர்க் கம்பெனி, தலைமை ஆபீஸே இங்கதான். மினியாபோலிஸ்ல தடுக்கி விழுந்தா டார்கெட்ல வேலை பாக்கற தமிழ் ஆள் மேலதான் விழணும். காண்ட்ராக்ட்ல உள்ளே இருக்கற நண்பர்கள் யாரும் வாயே திறக்க மாட்டேங்கறாங்க. அவங்களுக்கும் டிவி பாத்துத்தான் தெரியுமாம்.

பிளேனோ அம்மா | 19 டிசம்பர் 2013, காலை 9:41

நான் மாட்டிக்கிட்டேன். பொண்ணுக்கு ஜாக்கெட், டயப்பர், வீட்டு சாமான்னு அந்த மூணு வாரமும் அங்கதான். எல்லாமே டெபிட் கார்டு. சம்பளம் விழற கணக்கே அதுதான், ஒண்ணாம் தேதி வாடகைச் செக் போகணும். இப்பவே கார்டை நிறுத்தினா கிறிஸ்துமஸ் லீவுல புதுக் கார்டு எப்ப வருமோ. கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமா?

கணக்குப்பிள்ளை | 19 டிசம்பர் 2013, காலை 10:20

அக்கா, பொறுக்காதீங்க. இன்னிக்கே வங்கிக்குப் போன் போடுங்க.

சட்டம் இதுதான். கிரெடிட் கார்டு தொலைஞ்சு எவனோ இழுத்தாலும் உங்க தலையில விழறது அதிகபட்சம் 50 டாலர். கார்டு கையிலயே இருக்க, நம்பர் மட்டும் திருடு போயிருந்தா அதுவும் கிடையாது. டெபிட் கார்டுக்குச் சட்டம் வேற. கார்டே தொலைஞ்சா, தெரிஞ்ச ரெண்டு வேலை நாளுக்குள்ள சொன்னா 50, அதைத் தாண்டினா 500 வரைக்கும் போகும். உங்களை மாதிரி நம்பர் மட்டும் போனவங்க, ஸ்டேட்மென்ட் அனுப்பின 60 நாளுக்குள்ள சொல்லிட்டா பொறுப்பு இல்ல.

ஆனா சட்டத்துல எழுதியிருக்கறது வேற, நம்ம கணக்குல இருக்கறது வேற. கிரெடிட் கார்டுல திருடன் இழுத்தா அது வங்கியோட காசு, சண்டை முடியற வரைக்கும் நீங்க கட்டவே வேண்டாம். டெபிட்ல இழுத்தா போனது உங்க சம்பளம். வங்கி விசாரிக்க 10 வேலை நாள் எடுத்துக்கலாம், அதுக்கப்புறம்தான் தற்காலிகமாவாவது திருப்பிப் போட்டாகணும். அந்த 10 நாளுக்குள்ள வாடகைச் செக் திரும்பினா வீட்டுக்காரன் ரெகுலேஷன் படிச்சுக்கிட்டு உக்காரமாட்டான்.

ஸ்கார்பரோ பொடியன் | 19 டிசம்பர் 2013, காலை 11:05

நாங்கள் பிளாக் ஃப்ரைடேக்கு (தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த நாள் மலிவு விற்பனை) பஃபலோ போய் வந்தனாங்கள். டார்கெட்டுக்கையும் போனது. இங்க கனடாவில இந்த வருசம்தான் அவங்கட கடை திறந்தவை, தட்டு பாதி வெறுமை, அதால அங்கால போவம் எண்டு வெளிக்கிட்டது.

என்ர கார்டு சிப் கார்டு. இங்க சிப்பைச் செருகி பின் நம்பர் அடிச்சுத்தான் காசு கட்டுறது. உங்கட பக்கம் மெஷினே இல்லை, பின்னால இருக்கிற கறுப்புப் பட்டியைத்தான் இழுத்தவை. அப்ப நான் சிப் வைச்சிருந்து என்ன பிரயோசனம்? கனடாக் கடையளுக்குப் பிரச்சினை இல்லையாம் எண்டு ரேடியோவில சொல்லினம்.

வேளச்சேரி வங்கி | 19 டிசம்பர் 2013, இரவு 11:30 (இந்திய நேரம்)

தம்பி சொல்வது சரி. காந்தப் பட்டியில் இருக்கும் தகவல் மாறவே மாறாது. இன்று தேய்த்தாலும் நாளை தேய்த்தாலும் அதே எழுத்து. அதை நகலெடுத்து வெற்று அட்டையில் ஏற்றினால் கடை மெஷினுக்கு அசலும் நகலும் ஒன்றுதான். சிப் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு குறியீட்டை உருவாக்குகிறது, போன தடவையுடையது இந்தத் தடவை செல்லாது.

இங்கே ரிசர்வ் வங்கி உத்தரவின்படி இந்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து கடைகளில் டெபிட் கார்டுக்குப் பின் நம்பர் கட்டாயம். இணையத்தில் வாங்க 2009லிருந்தே இரண்டாவது கடவுச்சொல் வேண்டும். அமெரிக்காவில் கையெழுத்துக்கூட ஒழுங்காகப் பார்ப்பதில்லை என்று என் மகன் சொல்கிறான்.

எடிசன்காரன் | 19 டிசம்பர் 2013, மதியம் 1:12

சார், நம்ம ஊர்ல பின் கட்டாயம்னு சொல்றீங்க, போன வாரம் அப்பா பெட்ரோல் பங்க்ல "தம்பி, நாலு எட்டு..."ன்னு சத்தமா சொல்லி, பையன் அடிச்சிருக்கான். பின்னாடி நின்ன ஆட்டோக்காரர் வரைக்கும் கேட்டிருக்கும்.

வேளச்சேரி வங்கி | 20 டிசம்பர் 2013, காலை 7:10 (இந்திய நேரம்)

அதற்கு ரிசர்வ் வங்கி என்ன செய்யும்.

நெறியாளர் | 19 டிசம்பர் 2013, இரவு 9:44

ஓர் உறுப்பினர் "இது அந்தத் தேதியில் தேய்த்த கார்டுதானா பாருங்கள்" என்று கார்டையே படம் பிடித்துப் போட்டிருந்தார். நீக்கிவிட்டேன். தயவுசெய்து நம்பர், வங்கி, காலாவதி தேதி எதையும் இங்கே போடாதீர்கள். இந்த இழை எதைப் பற்றியது என்று ஒருமுறை தலைப்பைப் படிக்கவும்.

ஃப்ரீமாண்ட் பெரியவர் | 20 டிசம்பர் 2013, காலை 7:55

திருடியவர்கள் அந்த எண்களைச் சந்தையில் விற்கிறார்கள் என்று படித்தேன். ஒரு கார்டு 20 டாலரிலிருந்து 100 டாலருக்கு மேலும் போகிறதாம். எந்த ஊர்க் கடையில் தேய்க்கப்பட்டது என்பதைக் காட்டும் ஜிப் கோடும் (அஞ்சல் குறியீடு) சேர்த்தே விற்பனை. ஏனென்றால் ஃப்ரீமாண்ட் ஆளின் கார்டை ஃப்ரீமாண்ட் பக்கத்திலேயே இழுத்தால் வங்கிக்குச் சந்தேகம் வராது. வேறு மாநிலத்தில் செலவு விழுந்தால் போன் வரும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம் அல்லவா, அந்த நம்பிக்கைக்கும் சேர்த்தே விலை வைத்திருக்கிறான்.

இன்னொன்று. நியூ இங்கிலாந்தில் ஒரு சிறிய வங்கி, தன் வாடிக்கையாளர்களின் கார்டுகளையே அந்தச் சந்தையில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறது. வாங்கியவை எல்லாம் எங்கே தேய்க்கப்பட்டவை என்று பார்த்தால் அத்தனையும் டார்கெட்.

கணக்குப்பிள்ளை | 20 டிசம்பர் 2013, காலை 8:30

தன் கார்டைத் தானே திருடன்கிட்ட விலை பேசி வாங்கின வங்கி! ஆடிட்ல இதை எந்தத் தலைப்புல எழுதியிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாக்கறேன்.

எடிசன்காரன் | 20 டிசம்பர் 2013, மாலை 5:20

டார்கெட் தலைவர் ஸ்டைன்ஹாஃபெல் அறிக்கை விட்டிருக்காரு. நாளைக்கும் நாளான்னிக்கும் எல்லாருக்கும் 10% தள்ளுபடி. ஊழியர்களுக்குக் குடுக்கற அதே தள்ளுபடியாம். கூடவே இலவசக் கிரெடிட் கண்காணிப்பு.

பிளேனோ அம்மா | 20 டிசம்பர் 2013, மாலை 6:02

என் நம்பரைத் தொலைச்சுட்டு, வந்து இன்னொரு கார்டைத் தேய்ச்சா பத்து பர்சென்ட் கழிவா? இது மன்னிப்பா, கிறிஸ்துமஸ் சேலா?

மினசோட்டா குளிர் | 21 டிசம்பர் 2013, மதியம் 2:48

இப்பத்தான் அங்கிருந்து வர்றேன். பார்க்கிங் கிடைக்கல. திட்டினவங்க பாதிப் பேர் வண்டி தள்ளிக்கிட்டு நிக்கறாங்க. ஒரே வித்தியாசம், வரிசையில நிறையப் பேர் கையில ரொக்கம்.

பிளேனோ அம்மா | 21 டிசம்பர் 2013, மதியம் 3:10

நீங்க ஏன் போனீங்க?

மினசோட்டா குளிர் | 21 டிசம்பர் 2013, மதியம் 3:14

பத்து பர்சென்ட்ங்க.

எடிசன்காரன் | 22 டிசம்பர் 2013, காலை 10:05

சேஸ் வங்கி அந்தத் தேதிகள்ல டார்கெட்ல தேய்ச்ச டெபிட் கார்டுக்கெல்லாம் கட்டுப்பாடு போட்டிருக்கு. ஏடிஎம்ல ஒரு நாளைக்கு 100 டாலர், கடையில 300 டாலர், அவ்வளவுதான். கிட்டத்தட்ட 20 லட்சம் பேராம். கிறிஸ்துமஸுக்கு மூணு நாள் முன்னாடி! இன்னிக்கு ஞாயித்துக்கிழமையும் சில கிளையைத் திறந்து வச்சிருக்காங்க. வேற வங்கியில இருக்கற என் மச்சான், "எங்காளு ஒண்ணுமே பண்ணல, அதுதான் பயமா இருக்கு"ங்கறான்.

கணக்குப்பிள்ளை | 22 டிசம்பர் 2013, காலை 11:40

இதுல சேஸைத் திட்ட மாட்டேன். கார்டை நிறுத்தி 20 லட்சம் பேரைக் கையைப் பிசைய வைக்கறதா, திறந்து விட்டுட்டு அப்புறம் பணம் திருப்பறதா? நடுவுல ஒரு வழி பாத்தாங்க. கார்டு மாத்தற செலவு, திருட்டுச் செலவு ரெண்டும் முதல்ல வங்கி தலையிலதான். கடைக்காரனுக்கு உடனடியாப் போறது பேர் மட்டும்தான். இந்த ஊர்ல இத்தனை வருஷமா சிப் மெஷின் வராம இருந்ததுக்கும் அதுதான் காரணம். மெஷின் வாங்கற செலவு கடைக்கு, அதனால வர்ற மிச்சம் வங்கிக்கு. யார் முதல்ல பையில கையை விடுவா?

கோயமுத்தூர் ஹெச்4 | 23 டிசம்பர் 2013, காலை 9:30

எல்லாருக்கும் வணக்கங்க. ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தனுங்க, இன்னைக்குத்தான் எழுதறேன். அந்த இலவசக் கண்காணிப்புல சேர சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (அமெரிக்க அரசு குடுக்கற அடையாள எண்) கேப்பாங்கன்னு சொல்றாங்க. நான் ஹெச்4ல (வீட்டுக்காரரோட வேலை விசாவை ஒட்டிக் குடுக்கற விசா) இருக்கேன், எனக்கு அந்த நம்பரே இல்லைங்க. கார்டு அவர் கணக்குல எனக்குக் குடுத்த துணைக் கார்டு. தேய்ச்சது நான்தான். எனக்கு என்ன வழிங்க?

கணக்குப்பிள்ளை | 23 டிசம்பர் 2013, காலை 10:15

வாங்க தங்கச்சி. கவலைப்படாதீங்க, அந்தக் கண்காணிப்பால இந்த விஷயத்துல பெரிசா பயனும் இல்ல. உங்க பேர்ல யாராவது புதுசாக் கடன் வாங்கினா, புதுக் கார்டு எடுத்தா அது சொல்லும். இருக்கற கார்டுல எவனோ 400 டாலருக்குக் கிஃப்ட் கார்டு வாங்கினா அதுக்குத் தெரியாது. திருடு போனது கார்டு நம்பர், குடுக்கற மருந்து வேற நோய்க்கு. உங்களுக்கு வேண்டியது மூணு நாளைக்கு ஒருதரம் வங்கிக் கணக்கைத் திறந்து பாக்கறது. துணைக் கார்டுக்கும் தனி நம்பரா, அவர் நம்பரேவான்னு வங்கியில கேட்டுக்கோங்க. ஒரே நம்பர்னா ரெண்டு அட்டையும் மாறும், அவர் ஆபீஸ்ல இருந்து சாப்பாட்டுக்குத் தேய்க்கறப்ப நிக்கும். முன்னாடியே சொல்லிடுங்க.

ஃப்ரீமாண்ட் பெரியவர் | 23 டிசம்பர் 2013, மாலை 4:30

இங்கே பெற்றோர் வந்து தங்கியிருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் கையில் இந்தியாவில் வாங்கிய டாலர் ப்ரீபெய்டு கார்டு இருக்கும். பேரனுக்குப் பொம்மை வாங்க அதைத்தான் தேய்த்திருப்பார்கள். அதுவும் பட்டி உள்ள கார்டுதான். அமெரிக்கச் சட்டம் அங்கே கொடுத்த கார்டைக் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம், இந்திய வங்கியைக் கூப்பிட்டு நிறுத்துங்கள். பெரும்பாலும் மாற்று அட்டை ஒன்றும் சேர்த்தே கொடுத்திருப்பார்கள், உறையில் தேடிப் பாருங்கள்.

எடிசன்காரன் | 27 டிசம்பர் 2013, இரவு 8:18

பின் நம்பரும் போயிருக்குன்னு இன்னிக்கு ஒத்துக்கிட்டாங்க. ஆனா பூட்டின வடிவத்துலதான் போச்சாம், சாவி எங்ககிட்டயே கிடையாது, பணம் பட்டுவாடா பண்ற வெளிக் கம்பெனிகிட்டதான் இருக்குங்கறாங்க. டிரிபிள் டெஸ்ங்கற பூட்டு முறையாம். நம்பலாமா?

இரவு ஷிப்ட் பெங்களூர் | 29 டிசம்பர் 2013, அதிகாலை 3:40 (இந்திய நேரம்)

அந்த ஒரு விஷயத்தை நம்பலாம். பின்னை அடிக்கற மெஷின்லயே பூட்டிடும், கடைக் கம்ப்யூட்டருக்கு வர்றப்பவே அது புரியாத எழுத்துதான். கார்டு நம்பருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு இல்ல. தேய்ச்ச நொடியில கல்லா கம்ப்யூட்டரோட நினைவகத்துல கொஞ்ச நேரம் பச்சையா கிடக்கும். இந்த வகைத் திருட்டு நிரல் அங்கேயே உக்காந்து, கார்டு நம்பர் மாதிரி தெரியறதை எல்லாம் வாரி ஒரு ஃபைல்ல சேர்த்து வைக்கும். அப்புறம் மொத்தமா வெளியே அனுப்பும். கார்டுப் பாதுகாப்புக்குத் தரச் சான்றிதழ் வாங்கின கடையிலகூட இந்த ஓட்டை உண்டு, விதியில அதுக்குத் தடை இல்ல.

இருந்தாலும் பின்னை மாத்திடுங்க. பிறந்த வருஷம் வச்சிருக்கவங்க கட்டாயமா.

பிளேனோ அம்மா | 10 ஜனவரி 2014, மதியம் 12:20

செய்தி பாத்தீங்களா? இப்ப 7 கோடிப் பேரோட பேர், வீட்டு முகவரி, போன் நம்பர், ஈமெயிலும் போச்சாம். டிசம்பர்ல அங்க போகாதவங்களும் இதுல இருக்கலாம். புதுக் கார்டு வந்துடுச்சு, முடிஞ்சுதுன்னு இருந்தேன். கார்டை மாத்தலாம். வீட்டை மாத்த முடியுமா?

எடிசன்காரன் | 17 ஜனவரி 2014, காலை 9:02

டார்கெட்ல இருந்து ஈமெயில் வந்திருக்கு, ஒரு வருஷக் கண்காணிப்பு இலவசம், இந்த லிங்க்கை அமுக்குன்னு. அனுப்பின முகவரியைப் பாத்தா டார்கெட் பேருக்கு அப்புறம் ஏதோ புரியாத எழுத்தும் எண்ணும். நான் குப்பையில போட்டேன். அப்புறம் பாத்தா அது நெசமாவே அவங்க அனுப்பினதாம்!

கணக்குப்பிள்ளை | 17 ஜனவரி 2014, காலை 9:35

போலி ஈமெயில் வரும், லிங்க்கை அமுக்காதீங்கன்னு எச்சரிக்கை விட்டுட்டு, போலி மாதிரியே ஒண்ணை அவங்களே அனுப்பியிருக்காங்க. குப்பையில போட்டது தப்பே இல்ல. வேணும்னா அவங்க தளத்துல நேரா போய்ப் பதிஞ்சுக்கோங்க, ஏப்ரல் 23 வரைக்கும் டைம் இருக்கு.

மினசோட்டா குளிர் | 6 பிப்ரவரி 2014, மாலை 7:15

திருடன் எப்படி உள்ளே வந்தான்னு கிரெப்ஸ் எழுதியிருக்காரு. பென்சில்வேனியாவுல ஒரு குளிர்பதன வேலைக் கம்பெனி, ஃபேசியோ மெக்கானிக்கல். கடைகளுக்கு ஃப்ரிட்ஜ், ஏசி வேலை பாக்கறவங்க. அவங்களுக்கு டார்கெட் குடுத்திருந்த லாகினைத் திருடி, அது வழியா நுழைஞ்சிருக்கான்.

எடிசன்காரன் | 6 பிப்ரவரி 2014, மாலை 7:50

ஃப்ரிட்ஜ் சூட்டைத் தூரத்துல இருந்து பாக்கறதுக்குக் குடுத்த இணைப்புன்னு ஆபீஸ்ல சொன்னாங்களே?

இரவு ஷிப்ட் பெங்களூர் | 7 பிப்ரவரி 2014, காலை 8:20 (இந்திய நேரம்)

அப்படித்தான் எல்லாரும் பேசறாங்க. அந்தக் கம்பெனியே மறுத்திருக்கு. பில் அனுப்ப, ஒப்பந்தத் தாள் ஏத்த, வேலை எந்தக் கட்டத்துல இருக்குன்னு பதியறதுக்கு மட்டும்தான் அந்த இணைப்பாம். அது இன்னும் மோசம். பில் போடற வாசல்ல இருந்து கல்லாப்பெட்டி வரைக்கும் நடந்து போக வழி இருந்திருக்குன்னு அர்த்தம்.

கணக்குப்பிள்ளை | 26 பிப்ரவரி 2014, இரவு 9:10

டார்கெட்டோட காலாண்டுக் கணக்கு வந்துடுச்சு. லாபம் 46% சரிவு. எல்லாம் இந்தத் திருட்டால இல்ல, கனடாக் கடைகள் நஷ்டமும் உண்டு. ஆனா டிசம்பர் மூணாவது வாரத்துல இருந்து ஆள் வரத்து குறைஞ்சதை அவங்களே சொல்றாங்க. அந்த 10% வரிசை ரெண்டு நாள் கூத்துதான்.

எடிசன்காரன் | 14 மார்ச் 2014, காலை 8:25

புளூம்பெர்க் பிசினஸ்வீக் கட்டுரை படிச்சீங்களா?? டார்கெட்ல ஃபயர்ஐன்னு ஒரு கண்காணிப்பு மென்பொருளை 16 லட்சம் டாலர் குடுத்துப் போட்டிருக்காங்க. நவம்பர் 30ந்தேதியே அது கத்தியிருக்கு. பாத்தது யாரு? பெங்களூர்ல இருக்கற டீம். உடனே மினியாபோலிஸுக்குச் சொல்லியிருக்காங்க. அங்க ஒண்ணுமே பண்ணல! டிசம்பர் 12ந்தேதி அரசாங்கத்துல இருந்து வந்து சொன்ன பிறகுதான் முழிச்சிருக்காங்க, 15ந்தேதி அந்த நிரலைத் தூக்கியிருக்காங்க.

நம்ம பசங்க சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டாங்க. வெள்ளைக்காரன் சொல்லியிருந்தா அன்னிக்கே ஓடியிருப்பாங்க.

மினசோட்டா குளிர் | 14 மார்ச் 2014, காலை 9:00

நவம்பர் 30ன்னா பிளாக் ஃப்ரைடேக்கு மறுநாள். திருடின டேட்டா அப்ப இன்னும் வெளியவே போகலையாம். அன்னிக்கு யாராவது பட்டனை அமுக்கியிருந்தா இந்த இழையே இல்ல.

இரவு ஷிப்ட் பெங்களூர் | 14 மார்ச் 2014, இரவு 11:50 (இந்திய நேரம்)

நான் டார்கெட்ல இல்ல. வேற ஒரு கம்பெனிக்கு இதே வேலை, ராத்திரி ஷிப்ட். அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த எச்சரிக்கை என்னன்னு பாருங்க. "மால்வேர்.பைனரி"ன்னு ஒரு பொதுப் பேர். தீவிரம் அதிகம்னு சிவப்புல வந்திருக்கலாம், ஆனா "கல்லாவுல கார்டு திருடறான்"னு எழுதி வராது. எங்க திரையில ஒரு ஷிப்ட்ல சிவப்பா எத்தனை வரும்னு சொன்னா நம்ப மாட்டீங்க. முக்காவாசி ஒண்ணுமே இருக்காது. அதுல இருந்து இது பெரிசுன்னு பிரிச்சு, மெயில் எழுதி, மேல தள்ளறது நிசமாவே நல்ல வேலை. அந்த டீம் அதைப் பண்ணியிருக்கு.

ரெண்டாவது, அந்த மென்பொருள் தானாவே அழிக்கற வசதியை அணைச்சு வச்சிருந்தாங்கன்னு கட்டுரையில பெரிசா போட்டிருக்காங்க. ஊர்ல பாதிக் கம்பெனி அதை அணைச்சுத்தான் வச்சிருக்கும். புது மென்பொருள், பிளாக் ஃப்ரைடே வாரம், தப்பா எதையோ அழிச்சு 1,800 கடைக் கல்லா நின்னா யார் பதில் சொல்றது? மனுஷன் பாத்து முடிவு பண்ணட்டும்னு விடுவாங்க. அந்த மனுஷன் முடிவு பண்ணலங்கறதுதான் விஷயம்.

வெள்ளைக்காரன் சொன்னா கேட்டிருப்பான்னு நான் சொல்ல மாட்டேன். அவங்க வச்சிருந்த வைரஸ் தடுப்பு மென்பொருளும் அதே நாட்கள்ல அதே சர்வரைக் காட்டிச் சத்தம் போட்டிருக்கு. அதையும்தான் யாரும் கேக்கல. ஆனா ஒண்ணு உண்டு. பாக்கற வேலை எங்களுக்கு, பட்டன் அமுக்கற அதிகாரம் அங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு நாங்க அனுப்பற மெயில், அவங்களுக்கு தேங்க்ஸ்கிவிங் லீவுல வர்ற நூத்துல ஒண்ணு. போன் போட்டு எழுப்பலாமா, எழுப்பினா "இதுக்கா கூப்பிட்டே"ன்னு கேப்பாங்களான்னு யோசிக்கற இருபத்தஞ்சு வயசுப் பையன் இங்க உக்காந்திருக்கான். ஒப்பந்தத்துல "தகவல் தெரிவித்தல்" எங்க பொறுப்புன்னு இருக்கும். தெரிவிச்சாச்சு, டிக்கெட் (அந்தப் புகாரோட பதிவு) மூடியாச்சு. மூடின டிக்கெட்டை மறுநாள் யாரும் திறந்து பாக்கறதில்ல. பணத்தை மிச்சம் பிடிக்கக் கண்ணை ஒரு கண்டத்துலயும் கையை இன்னொரு கண்டத்துலயும் வச்சா இப்படித்தான் ஆகும்.

எடிசன்காரன் | 14 மார்ச் 2014, மாலை 3:15

சரி, நீங்க சொல்றது புரியுது. ஆனா போன் போட்டிருக்கலாம்ல?

இரவு ஷிப்ட் பெங்களூர் | 15 மார்ச் 2014, அதிகாலை 2:30 (இந்திய நேரம்)

போட்டாங்களா இல்லையான்னு உங்களுக்கும் எனக்கும் தெரியாதே சார்.

ஃப்ரீமாண்ட் பெரியவர் | 15 மார்ச் 2014, காலை 8:00

டார்கெட்டின் தகவல்தொழில்நுட்பத் தலைவி இம்மாத ஆரம்பத்திலேயே விலகிவிட்டார். பெங்களூரில் எச்சரித்தவர்களுக்குப் பாராட்டுக் கடிதமாவது போயிருக்குமா என்பது என் சந்தேகம்.

பிளேனோ அம்மா | 5 மே 2014, காலை 11:25

ஸ்டைன்ஹாஃபெலும் பதவியை விட்டுப் போயாச்சு. 35 வருஷம் அதே கம்பெனியில இருந்தவராம். பாவம்னு சொல்லலாமா வேண்டாமான்னு தெரியல. நான் இப்பவும் அங்கதான் டயப்பர் வாங்கறேன், கடை வீட்டுக்குப் பக்கம். ஆனா டெபிட் கார்டை எடுக்கறதில்ல, அவங்க கடையோட சொந்தக் கார்டான ரெட்கார்டு எடுத்துக்கோங்க, தள்ளுபடி உண்டுன்னு கல்லாவுல கேட்டாலும் வேண்டாம்னுடறேன். அஞ்சு பர்சென்டுக்காக வங்கிக் கணக்கை இவங்ககிட்ட கட்டி வைக்கணுமா?

எடிசன்காரன் | 19 செப்டம்பர் 2014, காலை 7:40

இப்ப ஹோம் டிப்போ (வீடு பழுது பாக்கற சாமான் விக்கற கடை). 5 கோடியே 60 லட்சம் கார்டு. ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் இழுத்திருக்கான். டார்கெட்டை முந்தியாச்சு.

மினசோட்டா குளிர் | 19 செப்டம்பர் 2014, காலை 8:12

இந்தத் தடவை ஆபீஸ்ல யாரும் இதைப் பத்திப் பேசக்கூட இல்ல.

ஸ்கார்பரோ பொடியன் | 15 ஜனவரி 2015, மாலை 6:10

டார்கெட் கனடாவை விட்டே போகுதாம். 133 கடையும் பூட்டு, பதினேழாயிரம் பேருக்கு மேல வேலை போகுது. எங்கட தெருவில ஒரு அக்காவும் கல்லாவில நிண்டவ. இது கார்டுப் பிரச்சினையால இல்லை அண்ணை, தட்டு வெறுமையாலதான். எண்டாலும் இந்த இழையில சொல்லோணும் போல இருந்தது.

பிளேனோ அம்மா | 20 மார்ச் 2015, காலை 10:00

கார்டுத் திருட்டுக்காக டார்கெட் மேல போட்ட வழக்குல சமாதானமாம். வாடிக்கையாளருக்கு மொத்தம் ஒரு கோடி டாலர். ஆதாரம் காட்டினா ஒருத்தருக்கு 10,000 வரைக்கும் கிடைக்கலாமாம். கார்டு மாத்தறதுக்குள்ள எனக்கு யாரோ 380 டாலருக்கு எங்கேயோ இழுத்தது வங்கி திருப்பிக் குடுத்துடுச்சு. அதுக்கு மேல நான் போன்ல நின்னது, லீவு போட்டது, வாடகைக்குத் தங்கச்சிகிட்ட கைமாத்து வாங்கினது, இதுக்கெல்லாம் ரசீது எங்க இருக்கு?

கணக்குப்பிள்ளை | 20 மார்ச் 2015, காலை 10:45

4 கோடிக் கார்டால ஒரு கோடி டாலரை வகுத்துப் பாருங்க, 25 சென்ட் வருது. அந்த 380ம் இந்தத் திருட்டாலதான்னு நீங்க நிரூபிக்கணும் வேற. அதே வாரம் பெட்ரோல் போட்டீங்க, ஹோட்டல்ல சாப்பிட்டீங்க. எந்தக் கடையில கசிஞ்சதுன்னு அட்டையில எழுதியிருக்காது.

எடிசன்காரன் | 24 மே 2017, காலை 9:20

பழைய இழையைத் தோண்டறேன், மன்னிக்கவும். 47 மாநிலம், தலைநகர் வாஷிங்டன் எல்லாம் சேர்ந்து நடத்தின விசாரணையில, 1 கோடியே 85 லட்சம் டாலர் கட்ட டார்கெட் ஒத்துக்கிச்சு. கலிபோர்னியாவுக்கு 14 லட்சம். காசு மாநில அரசுகளுக்கு. வாடிக்கையாளருக்குன்னு சொன்ன அந்த ஒரு கோடி டாலர் இன்னும் மேல்முறையீட்டுல நிக்குது.

மதுரைப் பையன் | 24 மே 2017, இரவு 10:15 (இந்திய நேரம்)

அண்ணே, வணக்கம். இழை முழுசும் படிச்சேன். ஆகஸ்ட்ல மாஸ்டர்ஸ் படிக்க டல்லாஸ் பக்கம் வர்றேன். போனதும் டெபிட் கார்டு மட்டும்தான் குடுப்பாங்களாம், கிரெடிட் கார்டுக்குக் கிரெடிட் ஹிஸ்டரி கேப்பாங்களாம். அப்ப நான் என்ன பண்றது?

கணக்குப்பிள்ளை | 24 மே 2017, மதியம் 2:05

தம்பி, வா. ரெண்டு கணக்கு திற. ஒண்ணுல ஃபீஸ், வாடகைப் பணம், அதோட டெபிட் கார்டை வீட்டுலயே வை. இன்னொண்ணுல வாரச் செலவுக்கு மட்டும் போட்டு அந்தக் கார்டைத் தேய். ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குத் தானா பணம் மாறற "ஓவர்டிராஃப்ட்" வசதியை வேண்டாம்னு சொல்லிடு, இல்லேன்னா ரெண்டு கணக்கு வச்சும் பிரயோசனமில்ல. சோஷியல் நம்பர் வந்ததும் டெபாசிட் கட்டி வாங்கற செக்யூர்டு கிரெடிட் கார்டுக்கு எழுதிப் போடு.

2015 அக்டோபர்ல இருந்து, சிப் மெஷின் வைக்காத கடையில சிப் கார்டோட கள்ள நகல் ஓடினா நஷ்டம் கடைக்காரன் தலையில. அதனால பெரிய கடையில எல்லாம் மெஷின் வந்தாச்சு, கிரெடிட் கார்டுக்குப் பின் நம்பர்தான் கேக்க மாட்டான். பெட்ரோல் பங்க்குக்கு மட்டும் அந்தக் கெடுவை 2020 வரைக்கும் தள்ளிட்டாங்க, அங்க இன்னும் பட்டிதான். பம்ப்ல டெபிட் கார்டைச் சொருகாதே. உள்ளே போய் ரொக்கமா கட்டிட்டு வந்து போடு.

மதுரைப் பையன் | 25 மே 2017, காலை 7:30 (இந்திய நேரம்)

நன்றிண்ணே. கார் வாங்கவே இன்னும் காசு இல்ல, பம்ப் பக்கம் போறப்ப கேக்கறேன்.